ஒட்டுக்கேட்கத் தெரியாத மில்லுக்காரி

எங்கள் வகுப்பில் மில்லு என்றொருத்தி இருந்தாள். அப்பா மாவு மில் வைத்திருந்தார். அதனால் அந்தப் பெயர். வீடும் மில்லும் ஒரே கூரையின் கீழ். நடுவில் ஒரு சுவர், அதுவும் காலையிலிருந்து அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவார்கள். அவள் அம்மா "சாப்பிட வாங்க" என்று ஒரு குரல் கொடுத்தால், தெருக்கோடி வரைக்கும் எல்லா வீட்டிலும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். இதை மில்லுதான் சொன்னாள். நான் தெருக்கோடியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

பிரசவம் பார்க்கும் படிப்புக்கு அவள் வந்ததற்கும் அந்த மில்தான் காரணம். மாவு அரைக்க வந்த ஒரு பெண்ணுக்கு வரிசையில் நிற்கும்போதே வலி கண்டுவிட்டது. பக்கத்துத் தெரு நர்ஸ் ஓடி வந்தார். மூட்டைகளின் மேல் துணியை விரித்துப் பிரசவம் ஆனது. குழந்தை மாவு படிந்து வெள்ளை வெளேரென்று பிறந்தது என்றும், குளிப்பாட்டிய பிறகுதான் அது அப்பாவின் நிறம் என்று தெரிந்தது என்றும் மில்லு சத்தியம் செய்வாள். ஆனால் ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்வாள். மோட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் குழந்தை வாயைத் திறந்தது தெரிந்ததே தவிர, அழுகை கேட்கவில்லை. நர்ஸ் நிமிர்ந்து அவள் அப்பாவைப் பார்த்து, "நிறுத்துங்க!" என்று ஓர் அதட்டல் போட்டார். யாருக்கும் பணியாத மனிதர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"எங்கப்பாவையே நிறுத்த வெச்ச வேலைடி அது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்பாள்.

அப்பா சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. சித்தப்பா தனியாகக் கடை போட்டுக்கொண்டு போய்விட்டதால் மில்லில் ஓர் ஆள் குறைவு. "படி. ஆனா ஒரு தடவைதான். எங்கயாவது தேங்கி நின்னேன்னு தெரிஞ்சுது, மறுபேச்சு கிடையாது. பெட்டியைத் தூக்கிட்டு வந்து மோட்டர் பக்கத்துல நிக்கணும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

விடுதியில் மூன்று பேருக்கு ஓர் அறை. மில்லு, நான், ஊசி. ஊசி ஆள் ஒல்லி. நாக்கும் அப்படித்தான், தொட்ட இடத்தில் குத்தும். மூன்று இரும்புக் கட்டில், முகத்தில் பாதியை மட்டும் காட்டும் ஒரு கண்ணாடி, ஜன்னல் கம்பியிலிருந்து கதவு ஆணி வரைக்கும் ஒரு கொடி. அதில் கஞ்சி போட்ட ஏப்ரன்கள் விறைத்துக்கொண்டு தொங்கும். அவசரத்தில் இருட்டோடு எழுந்தால் யாரோ நாலு பேர் நம்மை மறித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். இப்போதும் எங்காவது டெட்டால் வாசனை வந்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. அந்த அறையும், ஒரே இஸ்திரிப் பெட்டிக்கு நாங்கள் போட்ட சண்டையும்தான் ஞாபகம் வரும்.

மில்லு ரகசியம் பேசினால் மாடியிலிருந்து வார்டன் பதில் சொல்வார். அலாரம் அடித்தால் அவள் புரண்டு படுப்பாள். இடி இடித்தால் இன்னும் நன்றாகத் தூங்குவாள். மழை நின்றால் மட்டும் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். "என்னடி ஆச்சு? ஏன் சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணும் ஆகலைடி, உலகம் மூச்சு விடுது. படு" என்பாள் ஊசி.

முதல் வருடம் முழுக்க எங்களைக் கர்ப்பிணிகளின் பக்கத்திலேயே விடவில்லை. எல்லாம் பயிற்சி அறையில்தான். ரப்பர் வயிறு வைத்த ஒரு பொம்மைத் தாய். துணியால் தைத்த தொப்புள்கொடியோடு ஒரு பொம்மைக் குழந்தை. ஊசி ஒருத்தியே அதை இருநூறு தடவை பிரசவிக்க வைத்திருப்பாள். தலையிலிருந்த கறுப்புச் சாயம் தேய்ந்து, எங்களுக்கு அடுத்த வகுப்புக்கு அது வழுக்கையாகவே பிறந்தது. கை கழுவப் படித்தோம். அதுவரை நாங்கள் யாரும் வாழ்க்கையில் கை கழுவியதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. விரிப்பு போடப் படித்தோம். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் பிரஷர் மேடம் மொத்தத்தையும் உருவித் தரையில் போட்டுவிட்டு, "போடு" என்பார், அவ்வளவுதான். அவர் எங்கள் ஆசிரியை. வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் அந்தப் பெயர். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனையும் எதற்கு என்றால் வார்டு போஸ்டிங்குக்கு. நிஜமான பிரசவ வார்டு, நிஜமான தாய்மார்கள். அங்கே போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு சோதனை உண்டு. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பைக் காதால் கேட்டு எண்ணிச் சொல்ல வேண்டும். இன்றைக்குப் போல மெஷினை வைத்தால் எண் காட்டும் காலமில்லை. ஒரு சாண் நீளத்தில் ஒரு மரக் குழல். அகலமான வாயை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்து அழுத்தி, கையை எடுத்துவிட வேண்டும். குழல் காதுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தானாக நிற்கும். ஒரு கை தாயின் மணிக்கட்டில். தாயின் நாடியும் குழந்தையின் துடிப்பும் வேறுவேறு என்று அப்போதுதான் உறுதியாகும். மேடம் எண்ணியதும் நாம் எண்ணியதும் ஒட்டி வர வேண்டும். மூன்று வாய்ப்புகள். மூன்றிலும் தவறினால் அடுத்த வகுப்போடு சேர்ந்து மறுபடியும் முதலிலிருந்து. மற்றவர்களுக்கு அது வெறும் அவமானம். மில்லுவுக்கு அது வீட்டுக்குப் போகிற வண்டி.

வயிறு கொடுத்தவர் சலவை அக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. எட்டாவது மாதம், இரண்டாவது பிள்ளை. மேடம் கேட்டுக்கொண்டதற்காக வாரத்தில் ஒரு நாள் வந்து கட்டிலில் படுத்துக்கொள்வார். பதினெட்டுப் பெண்கள் வரிசையாகக் குழலோடு வந்து குனிவதைப் பார்த்து, "எம் புள்ளையை எத்தனை பேருடி ஒட்டுக்கேப்பீங்க? உள்ள இருக்கிறது வெளிய வந்ததும் மானநஷ்ட வழக்குப் போடப் போவுது" என்றார் முதல் நாளே.

எனக்குக் கேட்டது. தலையணைக்கு அடியில் வைத்த கைக்கடிகாரம் ஓட்டப்பந்தயத்துக்குப் போவதுபோல ஒரு சத்தம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊசிக்கும் கேட்டது. "உங்க பையன் அவசரக்காரன் போல, அக்கா" என்றாள்.

மில்லுவின் முறை வந்தது. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். எங்கள் ஊசியைச் சொல்லவில்லை. கதவில் பஞ்சு ஒட்டி, ஜன்னல் சாத்தி, ஓரத்தில் நின்ற மின்விசிறியையும் மேடம் அணைத்து வைத்திருந்தார். மில்லு குனிந்தாள். காது சிவந்தது, கழுத்து சிவந்தது. மேடம் நேரம் சொன்னார்.

"நூத்திப் பதினெட்டு, மேடம்."

மேடத்தின் முகம் மாறியது. அவர் எண்ணியபோது நூற்று நாற்பத்துநாலு. இவ்வளவு இறங்கக் கூடாதே என்று பதறிப்போய் அவரே குனிந்து மறுபடி கேட்டார். நூற்று நாற்பத்திரண்டு, குழந்தை சுகமாகத்தான் இருந்தது. சரி, தாயின் நாடியை எண்ணிவிட்டாள் போல என்று அக்காவின் கையைப் பிடித்தார். எண்பத்துநாலு. அதுவும் இல்லை. ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு மில்லுவின் மணிக்கட்டை எடுத்துத் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

நூற்றுப் பதினெட்டு.

பயத்தில் தன் காதுக்குள் இடித்த தன் இதயத்தையே அவள் சிரத்தையாக எண்ணி முடித்திருந்தாள்.

"பரவால்ல மேடம்," என்றார் சலவை அக்கா படுத்தபடியே, "தாயும் சேயும் நலம். மிட்வைஃப்தான் கவலைக்கிடம்."

நாங்கள் சிரித்துத் தொலைத்தோம். மில்லுவும் சிரித்தாள். அறைக்கு வந்த பிறகுதான் அழுதாள். அவள் அழுதது வெளியே யாருக்கும் கேட்கவில்லை என்பதுதான் எங்களைப் பயமுறுத்தியது. அவள் சத்தமில்லாமல் செய்த முதல் காரியம் அது.

அடுத்த வாய்ப்புக்குள் ஊசி வைத்தியத்தில் இறங்கினாள். கடிகாரத்தைப் போர்வையில் சுற்றி வைத்து, அதன்மேல் குழலை வைத்துக் கேட்கச் சொன்னாள். எங்கள் வயிற்றில் வைத்துக் கேட்கச் சொன்னாள். மில்லு என் வயிற்றில் கவனமாகக் காதை வைத்து, "ஏதோ உருளுதுடி" என்றாள். "பசிடி அது. அதுக்குப் பிரசவம் சாப்பாட்டு அறையிலதான்" என்றாள் ஊசி. ஒன்றும் பலிக்கவில்லை. இரண்டாவது முறை அவள் தன் துடிப்பைக்கூட எண்ணவில்லை. குழலிலிருந்து தலையைத் தூக்கி, "மேடம், காதுக்குள்ள ஙொய்யுன்னு கடல் மாதிரி கேக்குது" என்றாள்.

"கடல் பாக்கறதுக்குத்தான் உன்னை அனுப்பி வெச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு மேடம் அடுத்தவளைக் கூப்பிட்டார்.

மாலையில் மில்லு பெட்டியை இழுத்துக் கட்டிலின் மேல் வைத்தாள். சேலைகளை மடித்து உள்ளே வைக்க ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே? இன்னும் ஒரு வாய்ப்பு இருக்குல்ல?" என்றேன்.

"எனக்கு அமைதியா இருந்தா காது அடைச்சுக்குதுடி. நான் என்ன பண்ணட்டும்? பொறந்ததுலேர்ந்து மோட்டர் சத்தம். அது இல்லாத இடத்துல நின்னா ஏதோ ஆபத்து வந்துட்ட மாதிரி படபடன்னு அடிச்சுக்குது."

"அப்ப மில்லுலயே ஒரு பிரசவ வார்டு தெறந்துடு" என்றாள் ஊசி. சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள். "வாங்கடி. சலவை அக்காகிட்ட கெஞ்சுவோம். மேடம் இல்லாம ஒரு தடவை கேட்டுப் பாக்கட்டும்."

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம்தான் சலவைக்கூடம். வாசலிலேயே ஆவி முகத்தில் அடிக்கும். ஆள் உயர இரும்பு டிரம்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நமக்கு நாம் யோசிப்பதே கேட்காது. அக்கா அழுக்கு விரிப்புகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். ஊசி சைகையிலேயே விஷயத்தைச் சொன்னாள்.

"இங்கயா?" என்று கத்தினார் அக்கா. "கேட்டுக்கோ, கேட்டுக்கோ! எனக்கும் கொஞ்சம் கால் நீட்டுன மாதிரி இருக்கும்!" துவைத்துக் காய்ந்த விரிப்புக் குவியலின் மேல் ராணி மாதிரி சாய்ந்துகொண்டார்.

நான் ஊசியைப் பார்த்தேன். இந்த இடத்தில் குண்டு வெடித்தாலே கேட்காது, குழந்தையின் துடிப்பா?

மில்லு வயிற்றைத் தடவிக் குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். குழலை வைத்தாள். காதைக் கொடுத்தாள், கையை எடுத்தாள். அவள் தோள்கள் இறங்கின. நான் அவளை அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததேயில்லை. யாரோ நாற்காலி போட்டு உட்காரச் சொன்னதுபோல இருந்தாள்.

"அக்கா! மூணாவது மெஷின்ல பெல்ட் வழுக்குது! ஆளை விட்டுப் பாக்கச் சொல்லுங்க!"

"எம் புள்ளையைக் கேளுடின்னா மெஷினைக் கேக்கிறா!"

மில்லு குழலிலிருந்து காதை எடுக்கவில்லை. வலது கையின் ஒரு விரல் விரிப்பின் மேல் தட்ட ஆரம்பித்திருந்தது. சின்னச் சின்னதாக, வேகமாக, ஒரே சீராக. அந்த விரல் என்ன தட்டுகிறது என்று எனக்குப் புரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. மெஷின்களை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி அக்காவைக் கேட்டோம். சத்தம் அடங்கியதும் மில்லு, விரல் தட்டுவதை நிறுத்தாமலேயே, குழலை என்னிடம் கொடுத்தாள். நான் கேட்டேன். அவள் விரலும் அந்தக் குட்டி இதயமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஓடின. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மில்லில் வளர்ந்தவர்கள் மட்டும் நம்புவார்கள். அத்தனை இரைச்சலில் ஒரு பல்சக்கரம் முனகுவது அவர்களுக்குக் கேட்கும்.

"சத்தம் ஒரு பக்கம் ஓடிட்டே இருந்தா, மத்தது தனியாத் தெரியுதுடி" என்றாள் மில்லு. அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தெரிந்தது.

மறுநாளே மேடத்திடம் போய்ச் சொன்னாள். சோதனையின்போது கொஞ்சம் சத்தம் இருக்கலாமா என்று கேட்டாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காது கேக்கறதுக்குச் சத்தம் வேணும். நாளைக்குக் கண்ணு தெரியறதுக்கு வெளக்கை அணைக்கணும்பியா? போ."

ஆகவே சத்தத்தை நாங்களே ஏற்பாடு செய்தோம். ஏற்பாடு என்றால், நானும் ஊசியும் கடைசிச் சோதனை நடந்த நாளில் பயிற்சி அறை ஜன்னலுக்கு வெளியே இருந்த குழாயடியில், விடுதியிலுள்ள எவர்சில்வர் தட்டு, டிரே, பேசின் அத்தனையையும் மலைபோலக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மில்லு குனிவது ஜன்னல் இடுக்கில் தெரிந்ததும் ஆரம்பித்தோம். ஊசி ஒரு பேசினைத் தூக்கிப் போட்டாள். நான் டிரேக்களை உருட்டினேன். அந்த வளாகத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் அன்றைக்குப் போனவைதான், இன்னும் திரும்பவில்லை.

உள்ளே மில்லு ஒவ்வொரு 'டமாரு'க்கும் துள்ளித் துள்ளி விழுந்தாள். மில் சத்தம் என்பது ஒரே சீராக ஓடுவது. நாங்கள் செய்தது கலவரம். அதை நாங்கள் யோசிக்கவேயில்லை. ஜன்னல் படாரென்று திறந்தது.

"இந்த ஆஸ்பத்திரியில செத்தவங்களைக்கூட எழுப்பிடுவீங்க போலிருக்கே! எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு எந்திரிங்க! அசையக் கூடாது!"

அசையாமல் நின்றோம். மேடம் கோபத்தில் ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார். அதனால் மீதியை என் கண்ணாலேயே பார்த்தேன். அறையில் முன்னைவிடப் பெரிய மௌனம். மில்லு மறுபடி குனியவில்லை. குழலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முடிந்தது, பெட்டி கட்டிலின் மேலேயே இருக்கிறது என்று நினைத்தேன். ஊசி என் முழங்கையைக் கிள்ளினாள்.

மில்லு சலவை அக்காவின் நெற்றியைப் பார்த்தாள்.

"மேடம், அக்காவுக்கு வேர்க்குது. ஃபேனைப் போடலாமா?"

மேடம் திரும்பினார். தாய்க்கு என்ன வேண்டும் என்று முதலில் பார், பிறகு குழலை எடு என்பது அவரே எங்கள் மண்டையில் ஏற்றிய பாடம். அதை மறுக்க அவரால் முடியாது. அக்காவோ மில்லுவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், புரிந்துகொண்டார், முந்தானையை எடுத்து விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

"ஆமா மேடம், வெந்து போறேன். உள்ள இருக்கிறதும் அவிஞ்சு போயிடும். போடச் சொல்லுங்க, புண்ணியமாப் போவும்!"

மேடம் தானே போய் சுவிட்சைப் போட்டார். அந்த மின்விசிறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் உயரம், இரும்புக் கூண்டு, எந்தக் காலத்தில் வாங்கியதோ. ஓட ஆரம்பித்தால் ஆகாய விமானம் கிளம்பும் என்று புது மாணவிகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். காற்று மட்டும் வராது. அது கடகடவென்று வேகம் பிடித்து, பிறகு ஒரே ஹோ என்று சீராக ஓட ஆரம்பித்தது.

மில்லுவின் தோள்கள் இறங்குவதை ஜன்னலுக்கு வெளியிலிருந்து பார்த்தேன்.

அவள் நிதானமாக வயிற்றைத் தடவினாள். கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி தடவினாள். குழலை வைத்தாள். ஒரு கை அக்காவின் மணிக்கட்டில். மேடம் கடிகாரத்தைப் பார்த்து "ம்" என்றார். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அதில் கொஞ்சம் வளர்ந்தேன்.

"நூத்தி நாப்பது, மேடம். அக்காவுக்கு எம்பத்தாறு. என்னோடது தெரியலை." சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "மேடம், இப்ப வேகமாகுது. புள்ள அசையப் போவுது."

சொல்லி முடிப்பதற்குள் சலவை அக்காவின் வயிற்றில் ஒரு பக்கம் மேடு தட்டி அடங்கியது. "அம்மாடி, உதைக்கிறான்!" என்றார் அக்கா.

மேடம் தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். அவருடைய கணக்கும் அதேதான். மின்விசிறியைப் பார்த்தார். மில்லுவைப் பார்த்தார். அவ்வளவு நேரமும் சிலைபோல நின்றிருந்த எங்களையும் ஒரு தடவை பார்த்தார்.

"வார்டுல எங்க போனாலும் இந்த ஃபேனைத் தூக்கிட்டு அலைவியா?"

"வார்டுல சத்தத்துக்கு என்ன மேடம் பஞ்சம்?"

மேடம் சிரித்தார். அவருக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு, "நாளைக்கழிச்சு போஸ்டிங். ஏப்ரன்ல ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது" என்றார். எங்களுக்கு மட்டும் தண்டனையாக அந்தப் பாத்திரமலையை மறுபடி முதலிலிருந்து கழுவச் சொன்னார். நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டே கழுவினோம்.

விடுதியில் ஒரே ஒரு டெலிபோன், மாடிப்படிக்குக் கீழே. அன்று மாலை மில்லு அதில் அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் மோட்டர், இந்தப் பக்கம் மில்லு. டெலிபோன் இல்லாமலேகூடப் பேசியிருக்கலாம். விஷயத்தைச் சொல்லிவிட்டு நின்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மோட்டர் மட்டும் ஓடியது.

"அப்ப வேற ஆளுக்குச் சொல்லி வெக்கிறேன்," என்று அவர் கத்தியது மாடிப்படியில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. "புதுசா வர்றவன் உன்னை மாதிரி இருக்க மாட்டான். சரி, சாப்பிட்டியா?"

அவள் பேசி முடித்து டெலிபோனை வைத்தாள். பிறகு மேலே போய்ப் பெட்டியிலிருந்த சேலைகளை எடுத்து, மூன்று பேர் சேலையும் கலந்து கிடக்கும் அலமாரியில் திணித்தாள்.

போஸ்டிங் நாளன்று காலை, விறைத்த ஏப்ரன்களில் மரப்பொம்மைகள் மாதிரி நடந்து மூவரும் பிரசவ வார்டு வாசலுக்குப் போனோம். கதவுக்கு அந்தப் பக்கம் உலகமே கத்திக்கொண்டிருந்தது. ஒருத்தி அம்மாவைக் கூப்பிட்டாள். ஒருத்தி புருஷனை, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளில் கூப்பிட்டாள். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது, டிரே விழுந்தது, யாரோ "வெந்நீர்!" என்று அலறினார்கள், பிறந்து ஐந்து நிமிடம் ஆன ஒன்று எல்லாரையும் மீறிக் கத்தியது. ஊசி வாயடைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் ஏப்ரன் நாடாவை மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மில்லு எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, தோளால் கதவைத் தள்ளினாள். "ஏண்டி நிக்கிறீங்க? வாங்க" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு, சொந்த வீட்டுக்குள் போகிறவள் மாதிரி உள்ளே போனாள்.